எட்டு மாதமாகக் காலடி மட்டும்தானா?

கேள்வி: பத்து வயது மகனைச் சிலம்பத்தில் சேர்த்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் காலடியே (கால் வைத்து நகரும் பயிற்சி) போய்க்கொண்டிருக்கிறது. கூடப் படிக்கிற பையன் கராத்தேவில் இரண்டு பெல்ட் வாங்கிவிட்டான். வகுப்பை மாற்றலாமா?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. எதிராளி கம்பு வீசும்போது முதலில் விலக வேண்டியது கால். அது நகரவில்லை என்றால் கணுக்காலில் அடி வாங்க வேண்டியதுதான். என்னிடம் வரும் பிள்ளைகளும் முதல் நாளே கம்பைத் தலைக்கு மேல் சுற்றத்தான் கேட்பார்கள் (எல்லாம் யூடியூப் செய்கிற வேலை). சுற்றக் கற்றும் விடுவார்கள். எதிரே ஒருத்தன் கம்போடு வந்து நின்றால் இரண்டு காலும் பின்னிக்கொள்ளும்.

கராத்தேவும் லேசுப்பட்டதில்லை. ஒகினாவாவிலிருந்து அதை ஜப்பானுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஃபுனகோஷி. தெக்கி என்கிற மூன்று கட்டாக்களுக்கே (கட்டா என்றால் தனியாக வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு) தனக்குப் பத்து ஆண்டுகள் போயின என்று தன் கராத்தே நூலில் எழுதியிருக்கிறார். பெல்ட்டின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அதற்காக, காலடி என்ற பெயரில் சும்மா நிற்க வைக்கிற இடங்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் சாயங்காலம் மைதானத்தில் ஓரமாக அரை மணி நேரம் நின்று பாருங்கள். முட்டி மடங்காத பையனை ஆசான் தட்டித் திருத்துகிறாரா? வலது கால் முன்னே போகும்போது உடம்பின் பாரமும் கூடவே போகிறதா என்று பார்க்கிறாரா? அப்படியென்றால் பையன் அங்கேயே இருக்கட்டும். அவர் பாட்டுக்கு செல்போனை நோண்டிக்கொண்டிருந்தால் தாராளமாக மாற்றுங்கள்.

கேள்வி: எனக்கு 42 வயது. ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. சிலம்பம் கற்கலாமா?
- ஒரு வாசகர், தேனி

பதில்: கற்கலாம். ஞாயிறு ஆசானிடம் போங்கள், மற்ற நாட்களில் மொட்டை மாடியில் இருபது நிமிடம். ஞாயிறு மட்டும் மூன்று மணி நேரம் ஆடினால் திங்கட்கிழமை தோளைத் தூக்க முடியாது, மூன்றாவது வாரம் நீங்களே நின்றுவிடுவீர்கள். முட்டி வலி இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். புருவ உயரத்துக்கு, கனம் குறைந்த பிரம்பு போதும்.

கேள்வி: சிலம்பம் கற்றால் அரசு வேலை உறுதியா?
- ஒரு வாசகர், பரமக்குடி

பதில்: உறுதி என்று யார் சொன்னது? 3 சதவீத விளையாட்டு இட ஒதுக்கீட்டுப் பட்டியலில் தமிழக அரசு சிலம்பத்தைச் சேர்த்திருப்பது உண்மைதான். ஆனால் அங்கீகாரம் பெற்ற போட்டியில் ஜெயித்திருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேரைச் சுற்றவிட்டு ‘உலக சாதனை’ என்று தரும் சான்றிதழ் அதற்கு உதவாது. எது செல்லும் என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டு, அப்புறம் போட்டிக்குப் பணம் கட்டுங்கள்.