வாளியில் 27, வரைபடத்தில் 28: எதை நம்புவது?

குமரி மாவட்டத்து நீரோடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வள்ளத்தில் போகும்போது வாளியில் கடல்நீர் கோரி தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறேன். செயற்கைக்கோள் வரைபடத்தோடு ஒரு டிகிரி வரை வித்தியாசம் வருகிறது. ஆராய்ச்சிக் கப்பலில் எப்படி அளக்கிறார்கள்? உப்பையும் அளந்து எழுதிவைக்க ஆசை. இறால் பண்ணையில் வைத்திருக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் போதுமா?"

இரண்டு கணக்குமே சரியாக இருக்கலாம். அகச்சிவப்புக் கதிரால் பார்க்கும் செயற்கைக்கோளுக்குத் தெரிவது கடலின் மேல்தோல் மட்டும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனம் இருக்கும். அந்தத் தோல் அடுத்துள்ள தண்ணீரைவிடப் பொதுவாக 0.2 டிகிரி போலக் குளிர்ந்திருக்கும். உங்கள் வாளி ஓர் அடி ஆழத்தில் கோருகிறது. கப்பல் பல மீட்டர் கீழேயிருந்து எடுக்கிறது. காற்றில்லாத சித்திரை மதியத்தில் மேலேயுள்ள ஒரு மீட்டர் தண்ணீர் மட்டும் ஓரிரு டிகிரி கூடச் சூடேறிக் கிடக்கும். ஆகவே ஒப்பிட வேண்டுமானால் விடியற்காலை அளவை எடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆனி, ஆடியில் நம் கரையோரத்தில் அடித்தண்ணீர் மேலேறிக் கடல் குளிரும். அதே மாதங்களில்தான் மேகம் மூடியிருக்கும், அகச்சிவப்பு மேகத்தைத் துளைக்காது. அப்போது வரைபடத்தில் காண்பதில் பல நாள் அளவுகளைக் கலந்து நிரப்பிய இடங்கள் இருக்கும். அந்தப் பருவத்தில் ஒழுங்காகக் கோரிய வாளியை நான் நம்புவேன்.

ஒழுங்காக என்றால்? இன்ஜின் தண்ணீர் வெளியேறும் பக்கம் கோரக் கூடாது. முதல் வாளியைக் கொட்டிவிட்டு இரண்டாவதை நிழலில் வைத்து, கலக்கி, ஒரு நிமிடத்துக்குள் படிக்க வேண்டும். தெர்மாமீட்டரின் முனை தண்ணீருக்குள் இருக்கும்போதே. காற்று பட்டால் நீர் ஆவியாகி வாளி குளிர்ந்துவிடும். பழைய கப்பல்களில் கித்தான் வாளியால் எடுத்த அளவுகள் இப்படித்தான் குறைவாகப் பதிவாயின. அவற்றை இன்றும் திருத்தித்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆராய்ச்சிக் கப்பலில் அடிப்பக்கத் துவாரம் வழியாகப் பம்ப் கடல்நீரை இடைவிடாமல் இழுத்து, ஆய்வறையிலுள்ள, வெப்பநிலையையும் உப்பையும் தொடர்ந்து பதியும் தெர்மோசாலினோகிராஃப் என்ற கருவிக்கு அனுப்பும். அதில் வெப்பமானி இருந்தாலும் துவாரத்தருகே இன்னொன்று வைப்பார்கள். காரணம், குழாயில் வரும் வழியில் தண்ணீர் சற்றுச் சூடேறிவிடும். கடலின் வெப்பநிலைக்குத் துவாரத்து அளவு. ஆய்வறை அளவு உப்புக் கணக்குக்கு.

உப்பை யாரும் நேரடியாக அளப்பதில்லை. தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து, வெப்பநிலையையும் சேர்த்து, உலகெங்கும் பொதுவாக வைத்திருக்கும் 1978 உப்பு அளவுகோல்படி கணக்கிடுகிறார்கள். அதில் ஓர் அலகு என்பது ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு. சூடான தண்ணீர் கூடுதலாகக் கடத்தும். நம் கடலில் வெப்பநிலையை ஒரு டிகிரி தவறவிட்டால் உப்புக் கணக்கில் ஏறக்குறைய 0.7 அலகு பிசகும். கடல் கொந்தளிக்கும்போது குழாயில் காற்றுக்குமிழி புகுந்தால், உப்பு திடீரென்று குறைந்ததாகக் கருவி காட்டும். மழைத்தண்ணீர் கலந்துவிட்டதென்று புதிதாக வரும் மாணவர்கள் மகிழ்ந்துபோவது இந்த இடத்தில்தான். கருவிக்குள் பாசியும் படியும். அதனால் அவ்வப்போது கண்ணாடிக் குப்பியில், அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, மாதிரி பிடித்து இறுக மூடி, உப்பை நுட்பமாக அளக்கும் சாலினோமீட்டரில், தரப்படுத்திய கடல்நீரோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள்.

இப்போது ரிஃப்ராக்டோமீட்டர். ஒரு சொட்டுத் தண்ணீரில் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து உப்பைக் காட்டும் கைக்கருவி அது. அதில் ஒரு கோடு என்பது ஒரு அலகு. நம் பக்கத்துக் கடலில் கோடையில் உப்பு 35ஐ ஒட்டி இருக்கும். மார்கழி, தை வாக்கில் வங்கக் கடலின் உப்புக் குறைந்த தண்ணீர் குமரியைச் சுற்றி மேற்கே வரும்போது 34க்கும் கீழே இறங்கும். ஒன்றிரண்டு கோடு வித்தியாசத்தை வள்ளத்தின் ஆட்டத்தில் கண்ணால் படிப்பது சிரமம். தேங்காப்பட்டணம் பொழிமுகம், பூவார் நெய்யாற்று வாய் போன்ற இடங்களுக்கு அது தாராளமாகப் போதும். அங்கே நல்ல தண்ணீர் கலப்பதால் உப்பு பல அலகுகள் ஏறி இறங்கும். வாங்கினால் கடல்நீருக்கான அளவுகோல் உள்ளதா என்று கேளுங்கள். வெறும் உப்புக்கரைசலுக்கானதும் கடையில் கிடைக்கும். படிக்கும் முன் வாலைவடிநீர் விட்டுப் பூஜ்யத்தில் நிறுத்துங்கள்.

ஒன்றுக்குத்தான் பணம் செலவழிக்க முடியுமென்றால், 0.1 டிகிரி வரை காட்டும், நீண்ட வயருள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். உருக ஆரம்பித்த பனிக்கட்டித் தூளில் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். வயர் முனையில் ஈயக்குண்டு கட்டி தினமும் ஒரே ஆழத்தில், ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம், இறக்குங்கள். நோட்டில் தேதி, மணி, ஜிபிஎஸ் இடம், ஆழம், காற்று ஐந்தையும் எழுதுங்கள். ஆழமும் மணியும் விடுபட்டால் அந்த எண்ணை நாளைக்கு ஒருவரும் எடுத்துப் பயன்படுத்த முடியாது.