35 அங்குல டயருக்கு ஆக்சில் கியர் மாற்ற வேண்டுமா?

உங்கள் ஜீப் ராங்ளர் ஜேகே (3.6 லிட்டர் எஞ்சின், ஆட்டோமேட்டிக், ஆக்சில் கியர் விகிதம் 3.21, அதாவது டிரைவ் ஷாஃப்ட் 3.21 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்) 32 அங்குல டயரிலிருந்து 35க்குப் போனதும் அமெரிக்காவின் டென்வர் நகரைத் தாண்டி மலை ஏற்றத்தில் திணறுகிறது என்கிறீர்கள். திணறத்தான் செய்யும். 3.21ஐ 32ஆல் பெருக்கி 35ஆல் வகுத்துப் பாருங்கள், 2.93 வரும். இப்போது வண்டி இழுப்பது அந்த விகிதத்தில்தான். போதாததற்கு, உயரம் கூடக்கூட எஞ்சினின் பலமும் குறையும்.

கணக்குப்படி 3.51 இருந்தாலே பழைய இழுவை திரும்பும். ஆனால் பெரிய டயரின் எடையும் காற்றுத்தடையும் அந்தக் கணக்கில் இல்லை. நானாக இருந்தால் 4.56 போடுவேன். மணிக்கு 105 கிலோமீட்டரில் டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,360 சுற்று ஓடும், ஒன்றும் மோசமில்லை.

முன், பின் இரண்டு ஆக்சிலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர்வீல் டிரைவில் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் பலத்தை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போய்விடும். கூலிதான் அதிகம், கியர் பற்களின் பொருத்தம் பார்க்கத் தெரிந்தவரிடமே கொடுங்கள்.

சமவெளியில் மட்டும் ஓட்டுபவர் என்றால் காசை மிச்சம் பிடிக்கச் சொல்லியிருப்பேன். அப்புறம், ஸ்பீடோமீட்டரைத் திருத்திவிட்டீர்களா? அது 100 காட்டும்போது நீங்கள் 109இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.