கையால் ஓட்டினால் ஓடுகிறது, இரவில் மட்டும் தவறுகிறது: யோக்டோ பில்டுக்குச் சூழல் மாறிகளை எங்கே வைப்பது?

கேள்வி: எங்கள் குழு யோக்டோவில் (சிறு கருவிகளுக்கான லினக்ஸைக் கட்டும் கருவித்தொகுப்பு) ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினிக்கு லினக்ஸ் இமேஜ் தயாரிக்கிறது. டெர்மினலில் கையால் ஓட்டினால் எல்லாம் சரியாக முடிகிறது. இரவு 2 மணிக்கு கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் சேவை) போட்டபோது, யோக்டோ பில்டை ஓட்டும் பிட்பேக் என்ற கட்டளையே இல்லை என்று நின்றுவிட்டது. பாஷ் ஷெல்லின் தொடக்கக் கோப்பான பாஷ்ஆர்சியில் மாறிகளை வைக்கும் எக்ஸ்போர்ட் வரிகளைச் சேர்த்துப் பார்த்தேன், பலனில்லை. ஸ்கிரிப்டிலேயே பாத் மாறியில் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) பிட்பேக் அடைவைச் சேர்த்து, எந்தக் கணினிக்கு இமேஜ் என்று சொல்லும் மெஷின் மாறியையும் பில்ட் எண்ணையும் எக்ஸ்போர்ட் செய்தேன். இப்போது ஓடுகிறது. ஆனால் ராஸ்பெர்ரி பைக்குப் பதிலாக க்யூஎமு (மென்பொருளாலான போலிக் கணினி) இமேஜ் வருகிறது, பில்ட் எண் உள்ளே வரவே இல்லை. உபுண்டு 22.04, யோக்டோ கிர்க்ஸ்டோன். எந்த மாறியை எங்கே வைக்க வேண்டும்?

பதில்: நீங்கள் எழுதிய மாறி ஒரு ரெசிபி (ஒரு மென்பொருளை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பு) வரை போய்ச் சேர இரண்டு வாசல்களைத் தாண்டியாக வேண்டும். ஒன்று கிரான், இன்னொன்று பிட்பேக். இரண்டுமே தங்கள் பட்டியலில் இல்லாத மாறியைச் சத்தமில்லாமல் வெளியே நிறுத்திவிடும். உங்கள் முதல் பிழை முதல் வாசலில் நடந்தது, மற்ற இரண்டும் இரண்டாவது வாசலில். பிழைச் செய்தி வந்ததால் முதலாவதை உடனே பிடித்துவிட்டீர்கள். இரண்டாவதில் செய்தியே வராது, அதனால்தான் இவ்வளவு இழுக்கிறது.

முதலில் கிரான். அது உங்கள் லாகினைப் பார்க்காது. உபுண்டுவில் கிரான் வேலைக்குக் கிடைக்கும் பாத் யூஎஸ்ஆர்-பின், பின் என்ற இரண்டு அடைவுகள் மட்டுமே. ஓட்டும் ஷெல்லும் பாஷ் அல்ல, பின் அடைவில் இருக்கும் எஸ்ஹெச். உபுண்டுவில் அது டாஷ் என்ற சிறிய ஷெல். இன்னொரு கோப்பின் வரிகளை அதே ஷெல்லில் ஓட்டும் 'சோர்ஸ்' என்ற கட்டளை அதற்குத் தெரியாது, ஒற்றைப் புள்ளிதான் தெரியும். ஆகவே கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டாப் வரியில் எதையும் சோர்ஸ் செய்ய முயலாமல், ஒரு ஸ்கிரிப்ட்டின் முழுப் பாதையை மட்டும் கொடுங்கள். அந்த ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் பாஷ் என்று தெளிவாக எழுதுங்கள்.

பாஷ்ஆர்சியில் சேர்த்தது ஏன் பலிக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். உபுண்டு தரும் பாஷ்ஆர்சி கோப்பைத் திறந்து மேலே உள்ள சில வரிகளைப் பாருங்கள். ஷெல்லின் கொடிகளில் 'ஐ' என்ற எழுத்து இருக்கிறதா என்று அது சோதிக்கிறது. இல்லையென்றால், அதாவது எதிரே ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்யவில்லை என்றால், அங்கேயே ரிட்டர்ன் ஆகிவிடும். கீழே நீங்கள் சேர்த்த எக்ஸ்போர்ட் வரிகள் வரை அது வருவதே இல்லை. ஸ்கிரிப்டிலிருந்து வலிந்து சோர்ஸ் செய்தாலும் இதே கதைதான். என்னைக் கேட்டால் பாஷ்ஆர்சி இந்த வேலைக்கு உரிய இடமே அல்ல. ஒருவருடைய சொந்த ஷெல் அமைப்பை நம்பி ஒரு குழுவின் பில்ட் ஓடக் கூடாது. அவர் விடுப்பில் போகும்போதோ, லேப்டாப் மாற்றும்போதோ அது கட்டாயம் உடையும்.

கிரான் என்ன கொடுக்கிறது என்பதை யூகிக்கவும் வேண்டாம். நிமிடத்துக்கு ஒருமுறை, சூழல் மாறிகளைப் பட்டியலிடும் என்வி கட்டளையை ஓட்டி வெளியீட்டை ஒரு கோப்பில் போடும் வரியைத் தற்காலிகமாகச் சேருங்கள். டெர்மினலிலும் அதையே ஓட்டி, இரண்டையும் வரிசைப்படுத்தி டிஃப் எடுங்கள். ஒரு பக்கம் நீளமான பட்டியல், மறுபக்கம் சில வரிகள். அந்த வித்தியாசத்தில் உங்கள் பில்டுக்கு எது தேவை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், பெரும்பாலும் மிகச் சில மாறிகள்தான் மிஞ்சும்.

அவற்றில் தவறவிடக் கூடாதது லோக்கேல் என்ற மொழி அமைப்பு. பிட்பேக் பைதானில் எழுதப்பட்டது. யூடிஎஃப்-8 அல்லாத லோக்கேலில் தொடங்கினால் பைதான் கோப்புப் பெயர்களை வேறு குறியாக்கத்தில் படிக்கும் என்பதால், பிட்பேக் தொடக்கத்திலேயே மறுத்துவிடும். லோக்கேலைச் சொல்லும் லாங் மாறி சில கணினிகளில் கிரானுக்கும் வந்து சேரும், சிலவற்றில் வராது. அதனால் ஸ்கிரிப்டிலேயே அமெரிக்க ஆங்கில யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக வைத்துவிடுங்கள். அந்த லோக்கேல் கணினியில் உருவாக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாக நிறுவிய சர்வர்களிலும் கன்டெய்னர்களிலும் அது பெரும்பாலும் இருப்பதில்லை.

கிரான்டாப்பிலேயே மாறிகளை எழுதலாமே என்று தோன்றும். எழுதலாம், ஆனால் அங்கே டாலர் குறி விரியாது. பழைய பாத்துடன் ஒரு அடைவைச் சேர்ப்பதாக நினைத்து டாலர்-பாத் என்று எழுதினால், அந்த எழுத்துகளே அப்படியே மதிப்பாகிவிடும். சதவீதக் குறியும் அங்கே ஆபத்து. தேதியை ஆண்டு-மாதம்-நாள் வடிவில் பெற டேட் கட்டளைக்குச் சதவீதக் குறி தேவை. கிரானோ முதல் சதவீதக் குறியோடு கட்டளையை வெட்டிவிட்டு, மிச்சத்தை அந்தக் கட்டளையின் உள்ளீடாக அனுப்பிவிடும். தேதி சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஸ்கிரிப்டுக்குள் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

சரி, இப்போது பிட்பேக். உங்கள் க்யூஎமு இமேஜுக்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. பில்ட் எந்தக் கணினியில் ஓடினாலும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதற்காக, பிட்பேக் தொடங்கியதும் சூழலைத் துடைத்துவிடுகிறது. ஹோம், பாத், யூசர், ஷெல் போன்ற சில மாறிகளை மட்டும் வைத்துக்கொள்ளும். அந்தச் சிறு பட்டியலில் மெஷின் கிடையாது. பிறகு கையால் ஓட்டும்போது மட்டும் எப்படிப் போகிறது? யோக்டோவின் மூலக் கோப்புகள் இருக்கும் போக்கி அடைவிலுள்ள ஓஇ-இனிட்-பில்ட்-என்வி என்ற தொடக்க ஸ்கிரிப்ட்டை டெர்மினலில் சோர்ஸ் செய்கிறீர்கள் அல்லவா, அது பாத்தை மட்டும் மாற்றுவதில்லை. பிபி_என்வி_பாஸ்த்ரூ_அடிஷன்ஸ் என்ற மாறியில் அனுமதிப் பட்டியல் ஒன்றையும் நிரப்புகிறது. மெஷின், டிஸ்ட்ரோ, ப்ராக்ஸி மாறிகள், எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட் மாறிகள் எல்லாம் அந்தப் பட்டியலால்தான் உள்ளே போகின்றன.

நீங்கள் பாத்தை மட்டும் கையால் சேர்த்ததால் கட்டளை கிடைத்தது, பட்டியல் கிடைக்கவில்லை. எக்ஸ்போர்ட் செய்த மெஷின் மாறி வெளியே நின்றுவிட்டது. பில்டின் அமைப்புக் கோப்பான லோக்கல்.கான்ஃபில் இரண்டு கேள்விக்குறியும் சமக்குறியுமாக இருக்கும் பலவீனமான இயல்பு மதிப்பு, 64-பிட் க்யூஎமு, வேலைக்கு வந்துவிட்டது. பிட்பேக்கைப் பொறுத்தவரை இதில் தவறே இல்லை, அதனால் எச்சரிக்கையும் இல்லை.

எனவே உங்கள் ஸ்கிரிப்டிலும் பாத் வரியை நீக்கிவிட்டு, அந்தத் தொடக்க ஸ்கிரிப்ட்டையே சோர்ஸ் செய்யுங்கள். அது உங்களை பில்ட் அடைவுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அதற்குப் பிறகு வரும் பாதைகள் எல்லாம் முழுப் பாதைகளாக இருக்கட்டும். ஸ்கிரிப்ட்டின் தலையில், மதிப்பில்லாத மாறியைத் தொட்டால் நிறுத்திவிடும் 'செட் மைனஸ் யூ' போடும் நல்ல பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதைச் சோர்ஸ் வரிக்குக் கீழே நகர்த்துங்கள். தொடக்க ஸ்கிரிப்ட் மதிப்பு வைக்காத மாறிகளையும் தொட்டுப் பார்ப்பதால் நடுவில் நின்றுவிடலாம்.

உங்கள் பில்ட் எண் மாறியின் பெயரையும் அந்த அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பழைய மதிப்பை அழிக்காமல் அதன் வாலில் ஒட்டுங்கள். புதிதாக ஒரே பெயரை எழுதிவிட்டால் மெஷின் மறுபடியும் வெளியே போய்விடும். இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் இந்தப் பட்டியலின் பெயர் பிபி_என்வி_எக்ஸ்ட்ராவைட் என்று இருக்கும். 2022 ஏப்ரலில் வந்த கிர்க்ஸ்டோன் பதிப்பில் பெயர் மாறிவிட்டது. உங்கள் பதிப்புக்குப் புதிய பெயர்தான்.

இவ்வளவும் சொன்னாலும், மெஷின் மாதிரியான அமைப்புகளைச் சூழல் வழியாக அனுப்பவே வேண்டாம் என்பதுதான் என் உறுதியான ஆலோசனை. ஷெல்லுக்குத் தேவையானது மட்டும் சூழலில் இருக்கட்டும். பில்டுக்குத் தேவையானது கோப்பில் இருக்கட்டும். யோக்டோவில் இதற்கென்றே ஆட்டோ.கான்ஃப் என்ற கோப்புக்கு இடம் விட்டிருக்கிறார்கள். பில்ட் அடைவின் கான்ஃப் துணை அடைவில் அதை வைத்தால் பிட்பேக் தானாகவே படிக்கும். தானியங்கி பில்ட் கருவிகள் எழுதிவைப்பதற்காகவே அது ஏற்பட்டது. மெஷின், டிஸ்ட்ரோ, பில்ட் எண் என்று அன்றைய இரவுக்கு உரியவற்றை உங்கள் ஸ்கிரிப்ட் அதில் நேரடிச் சமக்குறியோடு எழுதிவிட்டு பிட்பேக்கைக் கூப்பிடட்டும். மறுநாள் காலை ஏதாவது தவறினால், என்ன மதிப்போடு ஓடியது என்பது ஒரு கோப்பாகக் கண்முன் இருக்கும். சூழலில் வைத்த மதிப்போ, ஓட்டம் முடிந்ததும் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை: லோக்கல்.கான்ஃப் இதற்குப் பிறகுதான் படிக்கப்படுகிறது. யாராவது அங்கே மெஷினை நேரடிச் சமக்குறியோடு எழுதியிருந்தால் அதுவே வெல்லும். சூழலில் வைத்தாலும் ஆட்டோ.கான்ஃபில் வைத்தாலும் தோற்றுவிடும். அந்த வரியைக் கேள்விக்குறியோடு மாற்றுங்கள். பதிவிறக்க அடைவு, ஏற்கனவே கட்டியவற்றைச் சேமித்து வைக்கும் எஸ்ஸ்டேட் கேஷ் அடைவு, எத்தனை பணிகள் ஒரே நேரத்தில் ஓடலாம் என்பவை இரவுக்கு இரவு மாறுவதில்லை, கணினிக்குக் கணினிதான் மாறும். அவை சைட்.கான்ஃப் கோப்புக்கு உரியவை.

பில்ட் எண் விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒவ்வொரு பணியும் எந்த மாறிகளைச் சார்ந்திருக்கிறது என்று பார்த்து பிட்பேக் ஒரு ஹாஷ் (உள்ளீடு மாறினால் மாறும் அடையாளக் குறி) கணக்கிடுகிறது. ஹாஷ் மாறாவிட்டால் எஸ்ஸ்டேட் கேஷிலிருந்து எடுத்துக்கொள்ளும், மாறினால் மறுபடி கட்டும். தினமும் மாறும் எண்ணை கம்பைலர் கொடிகள் போல எல்லா ரெசிபிகளும் பார்க்கும் மாறியில் நுழைத்தால், ஒவ்வொரு இரவும் முழு பில்டும் அடியிலிருந்து தொடங்கும். கேஷ் வைத்திருந்தும் பயனில்லை. எண்ணை, இமேஜின் பெயர், பதிப்பு விவரங்களை எழுதும் ஓஎஸ்-ரிலீஸ் ரெசிபியில் பில்ட்_ஐடி என்ற புலத்துக்கு மட்டும் கொடுங்கள். அப்போது அந்தச் சிறு ரெசிபியும் அதை உள்ளடக்கிய இமேஜும் மட்டும் மறுபடி உருவாகும், உங்களுக்கு வேண்டியதும் அதுதான். பொதுவான மாறியில் சேர்த்தே தீர வேண்டும் என்றால் வார்டெப்ஸ்எக்ஸ்க்ளூட் என்ற கொடியால் ஹாஷ் கணக்கிலிருந்து விலக்கலாம். ஆனால் விலக்கிய பிறகு எண் மாறியதற்காக எதுவும் மறுபடி கட்டப்படாது, நேற்றைய எண்ணோடு இன்றைய இமேஜ் நிற்கக்கூடும்.

தனியார் கிட் களஞ்சியங்கள் இருந்தால் அடுத்த இடறல் அங்கே வரும். டெர்மினலில் உங்கள் எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட் சாவியைத் தருகிறது, இரவு 2 மணிக்கு அது இல்லை. படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு சாவியை பில்ட் பயனருக்கென உருவாக்கி, அவருடைய எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் குறித்துவிடுங்கள். ஹோம் மாறி பிட்பேக்கைத் தாண்டிப் போவதால் அது போதும். கடவுச்சொல் போன்ற அணுகல் டோக்கன்களை எக்ஸ்போர்ட் செய்து அனுமதிப் பட்டியலில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். எல்லா மாறிகளையும் காட்டும் பிட்பேக் மைனஸ் ஈ வெளியீட்டில் அவை அப்படியே தெரியும், அந்த வெளியீட்டைப் பிழை கேட்கும் இடங்களில் ஒட்டும் வழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. இதையெல்லாம் ரூட் என்ற நிர்வாகப் பயனரின் கிரான்டாப்பில் போடலாமா என்றால், முடியாது. ரூட்டாக ஓட்டினால் பிட்பேக் மறுத்துவிடும். தனி பில்ட் பயனர் வைத்துக்கொள்வது எப்படியும் நல்லது.

எழுதி முடித்ததும் இரவு வரை காத்திருக்க வேண்டாம். என்வி கட்டளைக்கு மைனஸ் ஐ கொடுத்தால் காலியான சூழல் கிடைக்கும். அதில் ஹோம், லாக்நேம், கிரானின் குட்டிப் பாத் மூன்றையும் மட்டும் வைத்து ஸ்கிரிப்ட்டை பகலிலேயே ஓட்டிப் பாருங்கள். பில்ட் தொடங்குவதற்கு முன் பிட்பேக்-கெட்வார் கட்டளையால் மெஷினின் இறுதி மதிப்பைக் கேட்டு லாகில் எழுதச் சொல்லுங்கள். எந்தக் கோப்பின் எந்த வரி அந்த மதிப்பைக் கொடுத்தது என்பதையும் அது காட்டும். மதிப்பு ராஸ்பெர்ரி பை 4 இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே பிழையோடு வெளியேறட்டும், பல மணி நேரம் க்யூஎமு இமேஜ் கட்ட வேண்டியதில்லை.