வேறு வண்டியின் காயில் ஸ்பிரிங்கை மாட்டினால் எஸ்யூவி ஏன் உயர்கிறது?

காயில் ஸ்பிரிங் என்பது சுருளாக வளைத்த எஃகுக் கம்பி. வண்டியின் பாரத்தைத் தாங்குவது அதுதான். அது எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு வண்டி இறங்கி நிற்கும். பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்குப் போகும் இட்டேரியில் அடி தட்டுகிறதென்று, தங்கள் எஸ்யூவியைவிடக் கனமான வண்டியின் ஸ்பிரிங்கைத் தேடிப்பிடித்து மாட்டுகிறவர்கள் உண்டு.

பெரியவர் படுத்தால் தொய்கிற கயிற்றுக் கட்டிலில் ஒரு குழந்தையை உட்கார வையுங்கள். கயிறு அசையவே அசையாது. இங்கேயும் அதே கதைதான்: நீளம் ஒன்றாக இருந்தாலும், விறைப்பான ஸ்பிரிங் குறைவாக அமுங்கும், வண்டி உயர்ந்து நிற்கும். 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 மி.மீ. என்றால், மற்ற அளவெல்லாம் அதே இருந்தாலும் விறைப்பு ஏறக்குறைய 38 சதவீதம் கூடிவிடும். கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது! அதனால் பழைய இரும்புக் கடையில் கண்மதிப்பாக வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும். ஷாக் அப்சார்பர் பழைய உயரத்துக்கு அளந்தது; சக்கரம் குழிக்குள் இறங்க மிச்சமிருக்கும் இடம் குறையும். அப்புறம் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் இரண்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. உயரம் கூடிய வண்டியை அங்கே நிதானமாகத்தான் திருப்ப வேண்டும்.

ஸ்பிரிங் மாற்றினால் அடிப்பாகம் முழுவதும் உயரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஸ்கார்ப்பியோ போலப் பின்சக்கரம் இரண்டையும் ஒரே முழு அச்சு இணைக்கும் வண்டியில் உயர்வது பாடிதான், அந்த அச்சில் பற்சக்கரங்கள் இருக்கும் டிஃபரென்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும், அதைத் தூக்கப் பெரிய டயர் வேண்டும்.