மைக்ரோஜெல் துகளின் அளவை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

எண்ணெயில் நீர்க்கரைசலைக் கலக்கிப் பாலிஅக்ரிலமைடு மைக்ரோஜெல் (நீரை உறிஞ்சி உப்பும் நுண்ணிய பாலிமர் துகள்) செய்கிறீர்கள். பொருள்களை ஒரே அளவில் சேர்த்தும் துகள் ஒரு நாள் பெரிதாகவும் மறுநாள் சிறிதாகவும் வருகிறது, கணிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. இந்த முறையில் ஒவ்வொரு நீர்த்துளியும் அப்படியே கெட்டிப்பட்டு ஒரு துகளாகிறது. துளியைப் பிடித்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது.

கொந்தளிப்பாகக் கலக்கும் நிலைக்கு ஹின்சே என்ற ஆய்வாளர் 1955-இல் தந்த கோட்பாட்டின்படி, துளியின் விட்டம் சுழல்வேகத்தின் 1.2-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். நிமிடத்துக்கு 500 சுற்றில் 100 மைக்ரான் என்றால் 1,000 சுற்றில் ஏறக்குறைய 44. துடுப்பின் விட்டமும் கணக்கில் உண்டு. ஆகவே சிறு குடுவையின் சுற்று எண்ணை அப்படியே பெரிய கலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஸ்பான் 80 என்ற பால்மமாக்கியைக் கூட்டினால் பரப்பு இழுவிசை இறங்கித் துளி சிறுக்கும். ஆனால் இழுவிசை பாதியானாலும் விட்டம் மூன்றில் ஒரு பங்குதான் குறையும்.

உங்கள் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். கலக்கி முடித்தபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்?

நான் கேரள எல்லையோரக் குலசேகரத்துக்காரன். வெட்டி எடுத்த ரப்பர் பாலில் நேரத்தோடு அம்மோனியா சேர்க்காவிட்டால் வாளியிலேயே திரிந்து கட்டி தட்டிவிடும் என்பதைப் பார்த்து வளர்ந்தவன். அப்படியிருந்தும் ஆய்வகத்தில் அதே பாடத்தைக் கற்க எனக்கு மூன்று மாதம் ஆனது. கலக்கி முடித்தபின், வினையைத் தடுக்கும் ஆக்சிஜனை வெளியேற்ற நைட்ரஜன் செலுத்துவேன். ஒரு நாள் 20 நிமிடம், இன்னொரு நாள் ஒரு மணி நேரம். கடைசியில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். இரண்டு துளிகள் ஒட்டி நின்றன. நடுவிலிருந்த மெல்லிய கோடு சட்டென்று அறுந்தது, ஒரே துளி. காத்திருக்கும் நேரத்தில் துளிகள் இப்படி ஒன்றுசேர்ந்து பெரிதாகின்றன. அன்றிலிருந்து நைட்ரஜனை முதலிலேயே செலுத்திவிட்டு, கலக்கிய கையோடு வினைதொடங்கியை (துளியைக் கெட்டிப்படுத்தும் வினையைத் தூண்டும் பொருள்) சேர்த்தேன். அளவு நிலைத்தது.

இன்னொன்று: எந்த நிலையில் அளக்கிறீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். எண்ணெயில் இருக்கும் துகள் நீருக்கு மாறியதும் உப்பும். கனஅளவு 8 மடங்கானால் விட்டம் 2 மடங்கு. குறுக்குப் பிணைப்பி (பாலிமர் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் பொருள்) குறைந்த ஜெல் இன்னும் அதிகமாக உப்பும். துளியை எண்ணெயிலும் துகளை நீரிலும் அளந்துவிட்டு இரண்டும் பொருந்தவில்லை என்று கலங்க வேண்டாம்.