கிளினிக்கில் 170, வீட்டில் 132: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 54. திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் இருக்கிறேன். எட்டு வருடமாகப் பிரஷர், மூன்று வருடமாகச் சீனி. டவுனுக்குக் கிளினிக் போகும் நாளில் பிரஷர் 170/100 காட்டுகிறது. பக்கத்து வீட்டு மெஷினில் பார்த்தால் 132/82. இரண்டு தடவை குளிசையைக் கூட்டிவிட்டார்கள். இப்போது எழும்பி நின்றால் தலை சுற்றுகிறது. "கனக்க யோசிக்காதேங்கோ அம்மா" என்று சொல்லி அனுப்புகிறார்கள். மகன் கட்டாரில். அவன் கோல் எடுக்காத இரவில் எனக்கு நித்திரை இல்லை, அடுத்த நாள் சீனியும் கூடி நிற்கும். வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பேன். அன்று பின்னேரம் கை நடுங்கி, வேர்த்து, நெஞ்சு படபடக்கும். எனக்கு இருப்பது வருத்தமா, யோசனையா? யோசனைதான் என்றால் குளிசையை நிற்பாட்டலாமா?

பதில்: நிற்பாட்ட வேண்டாம் அம்மா. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தலைச்சுற்றுக்காக அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல், இந்தக் கிழமையே ஒரு டொக்டரிடம் காட்டுங்கள். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழும்பி நின்ற பிறகு ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நின்றதும் பிரஷர் விழுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். அதுவரை படுக்கையை விட்டு எழும்பும்போது, கால்களைத் தொங்கப்போட்டு ஓரத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்புங்கள்.

இனி உங்கள் கேள்வி. வருத்தமும் யோசனையும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன. மனம் பயந்தால் அட்ரினலின், கோர்ட்டிசோல் என்ற சுரப்புகள் கூடும். இதயம் வேகமாக அடிக்கும், இரத்தக் குழாய்கள் இறுகும், ஈரல் தான் சேமித்து வைத்த சீனியை இரத்தத்தில் விடும். நித்திரை கெட்டால் இன்சுலின் வேலை செய்வதும் மந்தமாகும். ஆகவே மகன் பேசாத இரவுக்கு அடுத்த நாள் சீனி கூடுகிறது என்று நீங்கள் கண்டுபிடித்தது சரியான அவதானிப்பு. அதோடு, முழித்திருந்த அந்த இரவில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். பத்து மணிக்கு ஒரு பிளேன்டீ, சீனியோடு. பதினொரு மணிக்கு இரண்டு பிஸ்கட். கவலைப்படுகிற வீடுகளில் இது சாதாரணமாக நடக்கிறது.

மனப்பாரம் உடம்பை எவ்வளவு தூரம் தொடும் என்பதற்கு ஒரு உதாரணம். 1995இல் அமெரிக்காவில், மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் பெண்களின் கையில் ஒரு சின்னக் காயத்தை உண்டாக்கி, அது ஆறும் காலத்தைப் பார்த்தார்கள். அந்தப் பாரம் இல்லாத பெண்களை விட இவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாக எடுத்தது. காலில் ஒரு கீறல் வந்தாலே பயப்பட வேண்டிய சீனிக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கிளினிக் நாளின் 170க்கு வருவோம். 1983இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களின் இரத்தக் குழாய்க்கு உள்ளேயே கருவி வைத்துப் பிரஷரைத் தொடர்ந்து அளந்தார்கள். டொக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்த சில நிமிடங்களில் மேல் அளவு சராசரியாக 27 வரை ஏறியது. பிரஷர் வருத்தம் இல்லாதவர்களுக்கும் ஏறியது. உங்களுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் உங்கள் கணக்கில் 38 வித்தியாசம் இருக்கிறது. மிச்சம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்தக் காலையை நினைத்துப் பாருங்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனால் அநேகமாக இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். நம்பர் எடுக்க வேண்டும் என்று விடிய முதல் எழும்பி, முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறீர்கள். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் தண்ணீர் கூடக் குடிப்பதில்லை. காலைக் குளிசைகளையும் எடுப்பதில்லை. வீட்டில் விட்டுவிட்டோ பையில் போட்டுக்கொண்டோ வருவீர்கள். பிறகு வரிசை. நடுவில் எழும்பிப் போனால் இடம் போய்விடும் என்று சிறுநீரையும் அடக்கிக்கொண்டு இருப்பீர்கள். பெயர் கூப்பிட்டதும் ஓடி வந்து கதிரை நுனியில் குந்தி, கிளினிக் கொப்பியை நீட்டிக்கொண்டு, நேர்ஸ் கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே கையைக் கொடுப்பீர்கள். மருந்து எடுக்காதது, நிரம்பிய சிறுநீர்ப்பை, ஓடி வந்த களைப்பு, சாய்மானம் இல்லாத முதுகு, அளக்கும்போது பேசுவது: ஒவ்வொன்றும் பிரஷரைக் கூட்டும். டொக்டருக்குத் தெரிவதோ கொப்பியில் எழுதிய 170/100 மட்டும்தான். குளிசை போதவில்லை என்று நினைத்து அவர் கூட்டுகிறார். நீங்கள் வீட்டுக்குப் போய், கூட்டிய குளிசை முழுவதையும் ஒழுங்காக விழுங்குகிறீர்கள். உங்கள் தலைச்சுற்றுக்கு இது காரணமாக இருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகப்படுகிறேன்.

வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் நாளில் சாப்பாட்டைத்தான் தள்ளிவைக்க வேண்டும். வெறும் தண்ணீர் குடிக்கலாம். பிரஷர் குளிசையைப் பொதுவாக வழமையான நேரத்தில் தண்ணீரோடு எடுத்துவிட்டே வரலாம். சீனிக் குளிசையும் இன்சுலினும்தான் இரத்தம் எடுத்து முடிந்து, சாப்பிடும் நேரத்தில். உங்கள் குளிசைகளுக்கும் இது பொருந்துமா என்று அடுத்த முறை ஒரு வார்த்தை கேட்டு, கொப்பியிலேயே எழுதி வாங்குங்கள்.

பக்கத்து வீட்டு மெஷினின் 132ஐயும் நான் அப்படியே நம்பமாட்டேன். ஏழு நாள், காலையில் குளிசைக்கு முதலும் இரவில் படுக்க முதலும், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை அளந்து எழுதுங்கள். அதற்கு அரை மணி நேரத்துக்குள் தேத்தண்ணி குடிக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, காலுக்கு மேல் கால் போடாமல், கையை நெஞ்சு உயரத்தில் மேசையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு அளக்க வேண்டும். கையில் சுற்றும் பட்டி உங்கள் கைக்கு அளவானதாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் அளவைக் கூட்டிக் காட்டும். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரி 135/85க்குக் கீழே இருந்தால், குளிசை வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்தத் தாளைக் கிளினிக்கில் காட்டுங்கள். வீட்டில் நல்லாகவும் கிளினிக்கில் மட்டும் கூடவும் இருப்பவர்களைக் கூடத் தொடர்ந்து கவனிக்கத்தான் வேண்டும். பிற்காலத்தில் வீட்டிலும் பிரஷர் கூடுவது அவர்களுக்கு அதிகம்.

வெள்ளிக்கிழமை நடுக்கம்தான் உங்கள் கடிதத்தில் என்னை ஆகவும் யோசிக்க வைத்தது. கை நடுங்குவது, வேர்ப்பது, நெஞ்சு படபடப்பது மூன்றும் பதற்றத்திலும் வரும், சீனி குறைந்தாலும் வரும். இரண்டிலும் அட்ரினலின் கூடுவதால், உள்ளே இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சீனிக்குக் கிளிக்லசைட் போன்ற குளிசையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சீனி விழும். மெற்போர்மின் மட்டும் என்றால் அது அரிது. அடுத்த தடவை அப்படி வரும்போது விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பவும் பாருங்கள்; ஏறியதும் ஏதாவது சாப்பிடுங்கள். மெஷின் கையில் இல்லை என்றால் காத்திருக்காமல் குடித்துவிடுங்கள். விரதம் முறியுமே என்று தயங்க வேண்டாம், பத்திரகாளி அம்மன் கோபிக்கமாட்டா. விரதம் பிடிப்பதை டொக்டரிடம் சொல்லுங்கள். அன்றைக்கு மட்டும் குளிசையின் நேரத்தையும் அளவையும் மாற்றித் தர வழி இருக்கிறது. சொல்லாவிட்டால் அவரால் எதுவும் செய்ய முடியாது.

இப்படிச் சொல்லாமல் விடுவது உங்களிடம் மட்டும் உள்ள பழக்கம் இல்லை. நீண்டகால வருத்தங்களுக்கு மருந்தைச் சொன்னபடி எடுப்பவர்கள், வசதியான நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. ஏச்சு விழும் என்று பயந்து, "ஒழுங்காப் போடுறேன் டொக்டர்" என்று சொல்லிவிடுகிறார்கள். கிளினிக்குக்கு இரண்டு நாளைக்கு முதல் சோற்றைக் குறைத்துச் சீனியை இறக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அது அன்றைய அளவை மட்டும்தான் மாற்றும். எச்பிஏ1சி என்ற பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லிவிடும். மனம் உடம்பைக் கெடுக்கும் வழிகளில், பயத்தினால் டொக்டரிடம் மறைப்பதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன். ஏசுகிற டொக்டருக்கும் நேர்ஸுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

"யோசிக்காதேங்கோ" என்று அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது மருந்து இல்லை. சண்டையையும் இடம்பெயர்வையும் 2004 சுனாமியையும் கண்ட கரை இது. மகன் கடல் கடந்து இருக்கும்போது தாய் யோசிக்கத்தான் செய்வாள். யோசனைக்கு ஒரு நேரம் வைக்கலாம். கட்டார் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மகன் வேலை முடிந்து ஒன்பது மணிக்கு அறைக்கு வந்து எடுக்கலாம் என்று நினைக்கும்போது இங்கே இரவு பதினொன்றரை. ஒவ்வொரு இரவும் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் நித்திரை எங்கே வரும்? காலையில் வேலைக்குப் போக முதல் ஐந்து மணிக்கு அவர் எடுத்தால் உங்களுக்கு ஏழரை. மகனிடம் அப்படிக் கேட்டுப் பாருங்கள். இரவில் போனை வேறு அறையில் வையுங்கள், அவசரம் என்றால் மணி கேட்கிற தூரத்தில்.

இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் விருப்பமில்லாமல், மனம் சோர்ந்தே கிடந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு இருக்கும்வரை சீனியைக் கட்டுப்படுத்துவது கடினம். அதற்கு மருத்துவம் இருக்கிறது. கிளினிக்கிலிருந்தே மனநலப் பிரிவுக்குத் துண்டு எழுதித் தருவார்கள். மனநல உதவிக்கான 1926 இலக்கத்துக்குப் போன் எடுத்தும் பேசலாம்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் யோசனை என்று ஒதுக்க வேண்டாம். நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல், காரணமில்லாமல் குளிர்ந்து வேர்த்தல், வாயு என்று தோன்றும் மேல்வயிற்று அடைப்பு, ஒரு பக்கம் கை கால் சோர்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல். சீனி உள்ள பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சு நோ இல்லாமலும் வரும். இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு விடியும்வரை இருக்காமல் 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

டொக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசைப் பைகளையும் கொண்டுபோங்கள், எடுக்காமல் மிச்சம் கிடக்கிற பழையவற்றையும் சேர்த்து. ஏழு நாள் பிரஷர் எழுதிய தாள், வெள்ளிக்கிழமை விரலில் குத்திப் பார்த்த அளவு, தலைச்சுற்று வந்த நேரங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். எது கேட்பது என்பது உள்ளே போனதும் மறந்துவிடும், ஆகவே எழுதிக்கொண்டு போங்கள். நான் ஊகித்தது சரி என்றால், முதல் வரியில் இதை எழுதுங்கள்: "கிளினிக் வரும் காலையில் நான் பிரஷர் குளிசை போடுவதில்லை."