கொழுகொழு குழந்தைக்கு இரத்தச் சோகையா?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பத்து மாதப் பெண் குழந்தை, எட்டரைக் கிலோ, பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கிறாள். காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்து ஹீமோகுளோபின் 8.9 தான் இருக்கிறது என்று அயர்ன் டானிக் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் கறவை மாடு இருப்பதால் ஆறு மாதத்திலிருந்தே பாட்டிலில் பசும்பால் கொடுக்கிறோம், ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் வரை குடிப்பாள். தாய்ப்பால் ராத்திரி மட்டும். சாப்பாடு என்றால் நேந்திரங்காய்ப் பொடிக் கஞ்சி, வேறு எதற்கும் வாய் திறப்பதில்லை. டானிக் சூடு, பல் கறுத்துப்போகும் என்று அத்தை பயப்படுகிறார். பீட்ரூட்டும் பேரீச்சம்பழச் சிரப்பும் கொடுத்துச் சரிசெய்ய முடியாதா?

பதில்:

முடியாதம்மா. காய்ச்சல் விட்டிருந்தால் டானிக்கை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு, இரண்டு வயதுக்குள் 10.5 இருந்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் மாற்றியது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் 8.9 குறைவுதான். காய்ச்சல் நேரத்தில் கொஞ்சம் இறங்கிக் காட்டலாம், ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டு விவரத்தைப் படித்தால் காரணத்தைத் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை, பால் பாட்டிலில்தான் இருக்கிறது.

கொழுகொழு என்று இருப்பதை வைத்து இரத்தம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். எடை ஏறுவதற்குப் பாலில் இருக்கிற கொழுப்பும் சர்க்கரையும் போதும், இரத்தம் ஊற அது போதாது. மாதம் நிறைந்து பிறக்கிற குழந்தை அம்மா கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு மாதிரி உடம்பில் இரும்புச்சத்தைச் சேர்த்துக்கொண்டுதான் வருகிறது, அது நாலிலிருந்து ஆறு மாதம் வரை வரும். தாய்ப்பாலில் இரும்பு குறைவுதான், ஆனால் இருப்பதில் பாதியளவு குழந்தையின் உடம்பில் சேர்ந்துவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு சேமிப்பும் தீர்ந்து, குழந்தை வேகமாக வளரவும் செய்கிறபோது தேவை கூடிவிடுகிறது, அதைச் சாப்பாடுதான் கொடுத்தாக வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான் உங்கள் வீட்டில் பசும்பால் உள்ளே வந்திருக்கிறது.

பசும்பாலில் ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுக்குத்தான் இரும்பு உண்டு, அதிலும் கொஞ்சம்தான் உடம்பில் ஒட்டும். அதில் இருக்கிற கால்சியமும் புரதமும் மற்ற உணவிலிருந்து வருகிற இரும்பையும் சரியாகச் சேரவிடாது. ஒரு வயதுக்குள் சில குழந்தைகளுக்கு இது குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தக் கசிவையும் உண்டாக்கும், மலத்தைப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே, முக்கால் லிட்டர் பால் உள்ளே போன வயிற்றில் சோற்றுக்கு எங்கே இடம்? வாய் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அவளுக்குப் பசிக்கவே இல்லை. உங்கள் சித்தூர் வட்டாரத்தில் மாடு இல்லாத வீடு குறைவு, சொந்த மாட்டுப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்காமல் எப்படி என்று தோன்றுவது எனக்குப் புரிகிறது, அத்தை ஆசையாகத்தான் கொடுக்கிறார். மாட்டின் மேல் குறை இல்லை, பத்து மாதம் அதற்கான வயது இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே பாட்டிலை நிறுத்துங்கள். ஒரே நாளில் பிடுங்க வேண்டாம், நாளுக்கு ஒரு வேளை என்று குறைத்து ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். தாய்ப்பாலைப் பகலிலும் கொடுங்கள், இரண்டு வயது வரை கொடுக்கலாம். தாகத்துக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர், டம்ளரில். சோற்றில் பிசைய கொஞ்சம் தயிர் தப்பில்லை. ஒரு வயது முடிந்த பிறகு பசும்பாலை டம்ளரில் கொடுக்கலாம், அப்போதும் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். டீ, காபி ஒரு வாய்கூட வேண்டாம், அது இரும்பைக் கட்டிப்போட்டுவிடும்.

நேந்திரங்காய்ப் பொடியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, வயிற்றுக்கு நல்லதுதான், ஆனால் மூன்று வேளையும் அதுவே என்றால் மாவும் இனிப்பும் மட்டும்தான் போகிறது. காலையில் ஒரு வேளை வைத்துக்கொள்ளுங்கள். மதியம் பாசிப்பருப்போ கொள்ளோ குழைய வேகவைத்துச் சோற்றில் நெய்விட்டுப் பிசைந்து, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். இந்தச் சாறு சும்மா ருசிக்கு இல்லை, பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்பு உடம்பில் சேருவதற்கு வைட்டமின் சி கூடவே போக வேண்டும். நெல்லிக்காய், கொய்யாவும் அதற்குத்தான். ராகியை முளைகட்டி அரைத்துக் கூழ் காய்ச்சுங்கள், முளைகட்டாத ராகியில் இரும்பைச் சேரவிடாத பொருள் அதிகம்.

அசைவம் சாப்பிடுகிற வீடாக இருந்தால் வேலை ரொம்ப சுலபம். கோழி ஈரலை நன்றாக வேகவைத்து மசித்து வாரத்துக்கு ஒரு நாள் ஒரு ஸ்பூன் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ கூடிவிடும். மற்ற நாட்களில் மத்தி, ஆட்டுக்கறி, கோழித் தொடைக்கறி, முள்ளும் காரமும் இல்லாமல். கறி மீனில் இருக்கிற இரும்பு மற்றதைவிட எளிதாகச் சேரும், கூடச் சாப்பிடுகிற பருப்பில் இருக்கிற இரும்பையும் சேர வைக்கும். ஒரு வயதான பிறகுதான் கறி என்று காத்திருக்க வேண்டியதில்லை.

அங்கன்வாடியில் கொடுக்கிற அமிர்தம் பொடியை என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை சேர்த்துக் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் தயாரிப்பது, உங்கள் மகளுக்கான பங்கு அது. தண்ணீரில் கெட்டியாகக் காய்ச்சி அவளுக்கே ஊட்டுங்கள். நிலக்கடலை முதல் தடவை என்றால் கொஞ்சமாக ஆரம்பித்து, உடம்பில் தடிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பீட்ரூட் சிவப்பாக இருக்கிறது என்பதற்காக இரத்தம் ஊறாது, அதில் இரும்பு குறைவு. பேரீச்சம்பழச் சிரப்பில் பெரும்பகுதி சர்க்கரை. இறங்கிப்போன அளவை உணவால் மட்டும் ஏற்ற மாதக்கணக்கில் ஆகும், மூளை வேகமாக வளர்கிற இந்த வயதில் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. இரும்புக் குறைவு நீண்டால் கற்றுக்கொள்கிற திறனையும் கவனத்தையும் தொடும், பிறகு இரத்தம் ஏறினாலும் அது முழுசாகச் சரியாகும் என்று உறுதி சொல்ல முடியாது. நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

டானிக் கணக்கு கிலோவுக்கு 3 மில்லிகிராம் இரும்பு, உங்கள் மகளுக்கு நாளுக்கு ஏறக்குறைய 25 மில்லிகிராம். ஒவ்வொரு கம்பெனி டானிக்கிலும் அளவு வேறு, அதனால் சீட்டில் எழுதிய மில்லியைத்தான் கொடுக்க வேண்டும், பக்கத்து வீட்டுப் பாட்டில் அளவை வைத்துக் கொடுக்காதீர்கள். இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில், பால் கொடுக்கிற நேரத்தை விட்டுத் தள்ளி. பல் கறுப்பது உண்மைதான், ஆனால் அது மேலே படிகிற கறை, பல் கெடுவதில்லை. டிராப்பரால் நாக்கின் பின்பக்கம் விட்டு, இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, ஈரத் துணியால் பல்லைத் துடைத்துவிட்டால் அதுவும் வராது. மலம் கறுப்பாகப் போகும், அத்தையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அன்றைக்கே மருந்து நின்றுவிடும். பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், அளவு மீறி உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து.

ஆஷா பணியாளர் வாரத்துக்கு இரண்டு தடவை 1 மில்லி வீதம் கொடுக்கச் சொல்லித் தருகிற சிரப் வேறு, அது இரத்தக் குறைவு வராமல் தடுக்க, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும். இந்தச் சிகிச்சை முடிகிற வரை அதை நிறுத்தி வையுங்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். முடிந்ததும் அதற்குத் திரும்பலாம்.

ஒரு மாதம் கழித்து மறுபடி இரத்தம் பாருங்கள், 1 புள்ளியாவது ஏறியிருக்க வேண்டும். ஏறினதும் மருந்தை நிறுத்திவிடுவதுதான் நிறையப் பேர் செய்வது, சேமிப்பு நிரம்ப இன்னும் இரண்டு மூன்று மாதம் தேவை. ஒழுங்காகக் கொடுத்தும் ஏறவில்லை என்றால் தலசீமியாக் கூறு (பரம்பரையாக வருகிற இரத்தக் குறைபாடு) இருக்கிறதா என்று ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை செய்ய வேண்டும், குடும்பத்தில் யாருக்காவது அரிவாள் செல் நோய் (இதுவும் பரம்பரை இரத்த நோய்தான்) இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அட்டப்பாடிப் பக்கம் அது உண்டு. நடுவில் குழந்தை மூச்சு வாங்கினாலோ, பால்கூடக் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ தேதி வரட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அப்புறம், உங்கள் ஹீமோகுளோபினை எப்போது பார்த்தீர்கள்? பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிடச் சொல்லித் தந்த இரும்பு மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டீர்களா? மகளுக்கு எடுக்கிற அன்றைக்கே உங்களுக்கும் எடுத்துவிடுங்கள்.